ஓடும் காரில் திரையைத் தேடாதீர்கள்: தொடுதிரையிலும் ஏடாஸிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடுகிறது. ஏசியைக் குறைக்க இரண்டே விநாடி திரையைப் பார்த்தாலும் 44 மீட்டர் போயிருக்கும். நம் ஊர்ச் சாலையில் அந்த 44 மீட்டருக்குள் மீடியன் இடைவெளியில் ஒரு பைக் திரும்பலாம், எதிர்த்திசையில் டிராக்டர் வரலாம், வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை வரலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்வரை இது சொகுசுக் கார் வைத்திருப்பவர்களின் பிரச்சினை. 2021-இல் எம்ஜி ஆஸ்டரும் மஹிந்திரா எக்ஸ்யுவி 700-ம் ஏடாஸோடு, அதாவது கேமராவும் ரேடாரும் கொண்டு பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் ஓட்டுநருக்கு உதவும் வசதிகளோடு வந்தன. அதன் பிறகு ஹோண்டா சிட்டி, கியா செல்டாஸ், இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் வெர்னா, கிரெட்டா என்று நடுத்தரக் குடும்பங்கள் கடன் போட்டு வாங்கும் கார்களுக்கும் பெரிய திரையும் ஓட்டுநர் உதவி வசதிகளும் வந்துவிட்டன. வாங்கியவர்களிடம் பேசினால் பாதிப் பேர் சலித்துக்கொள்கிறார்கள். ஏசியைக் கூட்ட மூன்று முறை தட்ட வேண்டியிருக்கிறது, ஸ்டீயரிங் தானாக இழுக்கிறது, ஊருக்குள் நுழைந்தால் கத்திக்கொண்டே இருக்கிறது என்கிறார்கள். சலிப்பு நியாயமானதுதான். ஆனால் அந்தச் சலிப்பில் நாம் செய்கிற காரியங்கள் சில, வசதியையே ஆபத்தாக மாற்றிவிடுகின்றன. தொடுதிரை கண்ணைச் சாலையிலிருந்து இழுக்கிறது. ஏடாஸ், எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தைக் கொடுத்து மனதைச் சாலையிலிருந்து இழுக்கிறது. கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் இந்த இரண்டில் ஏதோ ஒன்றில் போய் முடிகின்றன.

திரையின் அளவைப் பார்த்து வாங்குவது

ஷோரூமில் முதலில் காட்டுவது திரையைத்தான். வண்டி நிற்கும்போது அது அழகாகவே இருக்கும். ஓடும்போது எப்படி என்பதை ஸ்வீடனின் 'வி பிலேகரே' பத்திரிகை 2022-இல் சோதித்தது. 11 புதிய கார்களையும் தொடுதிரையே இல்லாத 2005 மாடல் வால்வோ வி70 ஒன்றையும் விமான ஓடுதளத்தில் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டினார்கள். வெப்பநிலையை மாற்றுவது, ரேடியோவில் ஒரு நிலையத்தை வைப்பது, ட்ரிப் மீட்டரை அழிப்பது போன்ற சாதாரண வேலைகள்தான். ஓட்டியவர்களுக்குப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்திருந்தார்கள். பழைய வால்வோவில் எல்லாம் 10 விநாடியில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. மிகவும் பின்தங்கிய எம்ஜி மார்வெல் ஆர் காரில் 44.9 விநாடி ஆனது. 1,372 மீட்டர்! ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர்.

காரணம் எளிது. பட்டனை விரல் தடவிக் கண்டுபிடிக்கும். அழுத்தியதும் 'டக்' என்று பதில் வரும். கண்ணாடித் திரையில் தடவிப் பார்க்க ஒன்றுமில்லை. விரல் பட்ட இடமே கட்டளை ஆகிவிடும் என்பதால் விரலை அங்கே ஊன்றி வைக்கவும் முடியாது. நம் சாலையில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் விரல் பக்கத்துப் படத்தின் மேல் போய்விழும். பிறகு அதிலிருந்து வெளியே வர இன்னொரு தட்டு, இன்னொரு பார்வை.

பட்டன் கேட்பதைப் பழமை என்று யாரும் ஒதுக்கத் தேவையில்லை. ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே, ஒலியளவு, ஏசி, ஹசார்ட் லைட் போன்றவற்றுக்கு இனி பட்டன் இருக்கும் என்று 2025-இல் அறிவித்தது. கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப், இண்டிகேட்டர், ஹசார்ட் லைட், ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதையும் 2026 முதல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கப்பலிலும் இதே பாடம் கற்கப்பட்டிருக்கிறது. 2017 ஆகஸ்டில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் சிங்கப்பூர் அருகே ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். திரை வழியான கட்டுப்பாட்டில் ஏற்பட்ட குழப்பமும் காரணங்களில் ஒன்று என்று விசாரணை சொன்னது. வேகத்தைக் கையால் தள்ளிக் கட்டுப்படுத்தும் பழைய முறைக்கே திரும்புவதாக அந்தக் கடற்படை 2019-இல் முடிவெடுத்தது.

ஆகவே டெஸ்ட் டிரைவுக்கு முன், நிற்கும் காரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஹசார்ட் லைட், வைப்பர் வேகம், முன்கண்ணாடிப் பனிநீக்கி, ஏசி, ஒலியளவு இந்த ஐந்தையும் கையாலேயே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முதல் மூன்றில் ஒன்றாவது திரைக்குள் ஒளிந்திருந்தால் அந்த காரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓட்டிக்கொண்டே கற்றுக்கொள்வது

டெலிவரி எடுத்த அன்று மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, அப்படியே கோயிலுக்கு ஓட்டிப்போகிறோம். மெனுக்களை வழியில் நோண்டுகிறோம். இதைவிட மோசமான பயிற்சி கிடையாது. வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு மணி நேரம் செலவழியுங்கள். முகப்புத் திரையில் ஏசியும் மேப்பும் நிலையாக இருக்கும்படி வையுங்கள். ஸ்டீயரிங்கில் 'ஸ்டார்' குறியோடு ஒரு பட்டன் இருந்தால், நீங்கள் அடிக்கடி தேடுகிற ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். இரவில் திரை மங்கலாகும்படி அமையுங்கள். பளிச்சென்ற திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் இருட்டுச் சாலையில் நடந்து போகிறவர் சட்டென்று தெரியமாட்டார்.

போக வேண்டிய இடத்தைக் கிளம்பும் முன்பே மேப்பில் போட்டுவிடுங்கள். வழியில் மாற்ற வேண்டுமா, பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும். தனியாகப் போனால் டோல்கேட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்தி மாற்றுங்கள். குரல் கட்டளை இருக்கிறதே என்பார்கள். கண்ணுக்கு அது நல்லதுதான். ஆனால் கார் நாம் சொன்னதைப் புரிந்துகொள்ளாமல் வேறு எதையோ அழைக்கும்போது மனம் அதோடு மல்லுக்கட்டப் போய்விடுகிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நாட்டின் ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக 2015-இல் செய்த ஆய்வில், சில கார்களில் குரல் கட்டளை முடிந்த பிறகும் கவனம் முழுவதுமாகத் திரும்ப 27 விநாடி வரை ஆனது தெரிந்தது.

மழைக்கால மூட்டத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி சில நொடிகளில் வெளுத்துவிடும். அந்த நேரத்தில் திரைக்குள் தேடுவது உயிரோடு விளையாடுவது. மூட்டம் இரண்டு வகை. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கண்ணாடியின் உட்புறம் மூடுகிறது. நம் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவதால் வருவது அது. ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் விலகும். சென்னைப் புழுக்கத்தில் மழை விட்ட இரவில் நடப்பது வேறு. ஏசியால் கண்ணாடி குளிர்ந்து, வெளியே உள்ள ஈரக்காற்று அதன் வெளிப்புறத்தில் படிகிறது. அங்கே ஏசியைக் கூட்டினால் மூட்டமும் கூடும். வைப்பரை ஒருமுறை ஓட்டி, காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, வெப்பநிலையை ஓரிரு டிகிரி ஏற்ற வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் உள்ளே விரலால் தேய்த்துப் பாருங்கள். இரண்டு முறைகளையும் உங்கள் காரில் எப்படிச் செய்வது என்று மழை வருவதற்கு முன்பே கை பழகியிருக்க வேண்டும்.

திரையே உறைந்துபோவதும் உண்டு. பல கார்களில் ஏதாவது ஒரு பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் திரை மறுபடி உயிர்பெறும். எந்த பட்டன் என்பது கையேட்டில் இருக்கும். இப்போதே பார்த்து வையுங்கள்.

கார் தானாக ஓடும் என்று நம்புவது

இன்று நம் சாலையில் ஓடும் ஏடாஸ் கார்கள் இரண்டாம் நிலையைத் தாண்டியவை அல்ல. ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் கார் சரிசெய்தாலும் ஓட்டுவது நீங்கள்தான், பொறுப்பும் உங்களுடையதுதான். ஸ்டீயரிங்கில் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, கை வைத்திருப்பதாக காரை ஏமாற்றுவதையும், காலை மடக்கி உட்கார்ந்து ரீல்ஸ் எடுப்பதையும் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. பின்சீட்டில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. முன்னால் ஓடும் வண்டியைத் தொடர்ந்து போகும் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல், நின்றிருக்கும் வண்டியைக் கவனிக்காமல் விடலாம். இதற்குக் கண்ணாக இருக்கும் ரேடார் எதிரொலியை வைத்து வேலை செய்கிறது. பெயர்ப்பலகை, பாலத்தின் தூண், மீடியன் தடுப்பு என்று அசையாத எல்லாமே எதிரொலி தரும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் நகராது. அதனால் அதிக வேகத்தில் அசையாத பொருள்களைப் பெருமளவு ஒதுக்கும்படி மென்பொருள் எழுதப்படுகிறது. கையேடுகளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. நம் தேசிய நெடுஞ்சாலைகளில் இரவில் விளக்கே இல்லாமல், நாலு கல்லை மட்டும் வைத்துவிட்டு இடது லேனில் நிறுத்தப்படும் லாரிகளை நினைத்துப் பாருங்கள். முன்னால் போன கார் அதைப் பார்த்துச் சட்டென்று ஒதுங்கினால், உங்கள் கார் 'வழி காலி' என்று எண்ணி வேகத்தைக் கூட்டவும் கூடும். இரவில் இடது லேனில் க்ரூஸைப் போட்டுவிட்டுக் காலை எடுத்து வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

போலீஸ் பேரிகேட், வேகத்தடை, குறுக்கே வரும் மாடு, தவறான பக்கத்தில் எதிரே வரும் பைக் இவற்றுக்கும் அதை நம்பியிருக்க முடியாது. தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் க்ரூஸை அணைத்துவிட்டுக் கியரைக் குறைத்து இறங்குங்கள். கனமழையிலும் அணைத்துவிடுங்கள். தானாக மாறும் ஹைபீமுக்கும் இது பொருந்தும்: அது எதிர் வண்டியின் விளக்கைத்தான் தேடுகிறது, விளக்கில்லாத சைக்கிள்காரர் அதற்குத் தெரியாமல் போகலாம்.

கேமராவையும் ரேடாரையும் மறைப்பது

முன்கண்ணாடியின் நடுமேற்பகுதியில் கேமரா. முன் பம்பரிலோ, கிரில்லிலோ, நிறுவன முத்திரைக்குப் பின்னாலோ ரேடார். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது, எலுமிச்சை மிளகாய் கட்டுவது, மாலை போடுவது எல்லாம் சரியாக இந்த இடங்களில்தான் வந்து விழுகின்றன. பொட்டைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வைக்கலாம். மாலையைப் பூஜை முடிந்ததும் எடுத்துவிடலாம். 2017 டிசம்பரில் மத்திய அரசு தடைசெய்த பின்னும் சிலர் மாட்டும் இரும்புப் பம்பர் கார்டு ரேடாருக்குச் சுவர் மாதிரி.

முன்கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவை மறுபடி அளவுதிருத்த (காலிபிரேட் செய்ய) வேண்டும். பம்பர் இடிபட்டால் ரேடாருக்கும் அப்படியே. வெளிக்கடையில் குறைந்த விலைக்குக் கண்ணாடி மாற்றும்போது இதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள். கேமரா சற்றுக் கோணலாக உட்கார்ந்தாலும் தூரத்தில் அது லேனையே மாற்றிப் படிக்கும்.

எரிச்சலில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவது

இதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. லேன் உதவி ஸ்டீயரிங்கை இழுக்கிறது என்று கோபப்பட்டு, ஒரே மூச்சில் அவசர பிரேக்கையும் சேர்த்து அணைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. லேன் உதவி வெள்ளைக் கோட்டைப் படிக்கிறது. கோடு அழிந்த, பழைய கோட்டின் மேல் புதுக் கோடு போட்ட நம் சாலையில் அது குழம்பும். இண்டிகேட்டர் போடாமல் பள்ளத்தைத் தவிர்க்க ஒதுங்கினால் எதிர்த்து இழுக்கும். ஊருக்குள் அதை மட்டும் அணைத்துவிடுவதில் தவறில்லை. நெடுஞ்சாலையில் லேன் மாறும்போது இண்டிகேட்டர் போடுங்கள், அது இழுக்காது.

தானியங்கி அவசர பிரேக்கை அணைக்காதீர்கள். இந்த வசதி இருந்தால் முன்வண்டியில் போய் மோதும் விபத்துகள் ஏறத்தாழ பாதியாகக் குறைகின்றன என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு (ஐஐஎச்எஸ்) கண்டிருக்கிறது. தேவையில்லாமல் எச்சரிக்கிறது என்றால், பல கார்களில் எச்சரிக்கை எவ்வளவு முன்னதாக வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். அதை 'தாமதம்' என்று வையுங்கள். அதற்கு மேலும் கத்திக்கொண்டே இருந்தால் முன்வண்டியை ஒட்டிப்போகும் நம் பழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, காரைப் பிறர் கையில் கொடுக்கும்போது. ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் தூங்கிவிடுகிறோம். அவர் அந்த மாடலை அதற்கு முன் தொட்டதே இல்லாமல் இருக்கலாம். ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்போதும், பிரேக் தானாகப் பிடிக்கும்போதும் அவர் பயந்து எதிர்ப்பக்கம் ஒடித்துவிடக்கூடும். கிளம்பும் முன் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். "அண்ணே, இந்த வண்டி கோட்டைத் தாண்டினா இழுக்கும், நான் அதை ஆஃப் பண்ணிட்டேன். முன்னாடி வண்டி கிட்ட வந்தா தானா பிரேக் பிடிக்கும், பயப்படாதீங்க. க்ரூஸ் போட வேண்டாம். வைப்பர் இங்க, கண்ணாடி மூடினா இந்தப் பட்டன்" என்று காட்டிவிட்டு, அவரையே ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.