மூன்று நாள் தாமதத்துக்கு ஆறாயிரம் ரூபாய்: பயிர்க்கடனில் நாம் செய்யும் தவறுகள்

சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் எடை போட்டாகிவிட்டது. பணம்தான் கணக்கில் ஏறவில்லை. காட்டுமன்னார்கோவில் பக்கம் எங்கள் சித்தப்பா இப்படிக் காத்திருந்தபோது வங்கியின் கெடு தாண்டிவிட்டது. மூன்றே நாள்தான். கிசான் கடன் அட்டையில் அவர் எடுத்திருந்தது 2 லட்சம். அந்த மூன்று நாளில் போனது 6,000 ரூபாய்.

3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். ஒரு வருடத்துக்குள் கட்டி முடித்தால் மத்திய அரசு அதில் 3 சதவீதத்தை ஏற்றுக்கொள்கிறது, நம் தலையில் விழுவது 4 மட்டும். ஒரு நாள் தள்ளினாலும் அந்தச் சலுகை போச்சு. சித்தப்பாவின் 2 லட்சத்துக்கு அந்த 3 சதவீதம்தான் 6,000. அதற்கப்புறம் ஓடுவது வங்கியின் வழக்கமான வட்டி. "தை மாசம் வாங்கினேன், தையில் கட்டிடலாம்" என்று சொல்வார்கள். வங்கிக்குத் தை தெரியாது, தேதிதான் தெரியும். பாஸ்புக் அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். வட்டியை மட்டும் கட்டிவிட்டு வந்தால் கடனைக் கட்டியதாக ஆகாது என்பதும் பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது.

கையில் காசில்லாதபோது கைமாற்று வாங்கிக் கட்டி, மறுபடி எடுப்பது ஊர் வழக்கம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கி ஒரு மாசத்துக்கு முழுசாக அழுதாலும் 2 லட்சத்துக்கு 4,000தான், 6,000க்கு அது தேவலை. ஆனால் சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர்ப் பதிவுக் காகிதங்கள் இல்லாமல் போய்க் கட்டிவிட்டு, புதுக் கடன் இழுத்தடித்தால் கைமாற்று கழுத்தை நெரிக்கும். காகிதத்தையெல்லாம் முதலில் கொடுத்து, மேலாளரிடம் கேட்டுக்கொண்டு அப்புறம் கட்டுங்கள்.

இன்னொன்று, சங்கத்தை மறந்துவிடுவது. தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அதற்காக ஒரே நிலத்தின் ஒரே பயிருக்குச் சங்கத்திலும் வங்கியிலும் வாங்கக் கூடாது. புதுச்சேரியின் பாகூரில் வீடும் கடலூர் மாவட்டத்தில் நிலமுமாக இருப்பவர்கள், எந்தக் கிளையில், எந்த அரசின் சலுகையில் வருகிறோம் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

நகை, பத்திரம் இல்லை என்று தயங்குவதும் தேவையில்லை. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது.

பயிர்க் காப்பீட்டில் பலரும் கோட்டை விடுகிறார்கள். 2020 முதல் அது கட்டாயமில்லை. வேண்டாம் என்று எழுதித் தராவிட்டால் வங்கியே பிரீமியத்தைப் பிடித்துக்கொள்ளும். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். பிடித்தார்களா என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வருவாய் கிராமம், எந்தப் பயிர் என்று பதிந்திருக்கிறது? வயலில் நெல்லும் பதிவில் வேறு பயிரும் இருந்தால், வீராணம் ஏரி நிரம்பி வயல் மூழ்கினாலும் காசு வருவது கஷ்டம்.

கடைசியாக, தள்ளுபடிக்குக் காத்திருப்பது. தேர்தல் வாடை அடித்தாலே ஊரில் யாரும் கடன் கட்ட மாட்டார்கள். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடியானது உண்மை. ஆனால் அது கூட்டுறவுக் கடனுக்கு மட்டும். அரசு வங்கியில் வாங்கிவிட்டுக் கட்டாமல் இருந்தவர்களுக்குத் தள்ளுபடியும் இல்லை, 3 சதவீதமும் இல்லை.