ஆஸ்திரேலியக் குடியுரிமைத் தேர்வு: மாநிலம் எது, பிரதேசம் எது?

ஆஸ்திரேலியக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆறு மாநிலங்களை எப்படியோ மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தடுமாற்றம் வருவது இரண்டு பெருநிலப் பிரதேசங்களில்தான்.

வடக்குப் பிரதேசம் சுலபம், தலைநகர் டார்வின். ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பிரதேசத்துக்குத் தலைநகர் கான்பெரா. நாட்டுக்கும் அதுவே தலைநகர் என்பதால், சிட்னி என்றோ மெல்பர்ன் என்றோ கை போய்விடக்கூடாது.

காரணம் தெரிந்தால் மறக்கவே மறக்காது. 1901இல் கூட்டமைப்பு உருவானபோது சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் தலைநகர்ப் போட்டி. தலைநகர் நியூ சவுத் வேல்ஸுக்குள் இருக்க வேண்டும், ஆனால் சிட்னியிலிருந்து குறைந்தது 100 மைல் தள்ளி இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். புதிய தலைநகர் தயாராகும்வரை நாடாளுமன்றம் மெல்பர்னில் கூடியது. 1927இல்தான் கான்பெராவுக்கு மாறியது.

அப்புறம் செனட், அதாவது நாடாளுமன்றத்தின் மேலவை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் 12 பேர், இந்த இரண்டு பிரதேசங்களுக்கும் தலா 2 பேர். 72, 4, மொத்தம் 76. இந்தக் கூட்டலை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். மாநிலங்கள் ஆறு, பிரதேசங்கள் இரண்டு என்பதும் சேர்ந்தே மனதில் நின்றுவிடும்.

இன்னொன்று: மாநிலங்களுக்கு ஆளுநர் உண்டு. வடக்குப் பிரதேசத்தில் அதே வேலையை நிர்வாகி செய்கிறார். தலைநகர்ப் பிரதேசத்தில் இருவருமே இல்லை.

தேர்வில் மொத்தம் 20 கேள்விகள், 15 சரியாக வேண்டும். அதில் ஆஸ்திரேலிய விழுமியங்கள் பற்றிய 5 கேள்விகளில் ஒன்றுகூடத் தப்பக்கூடாது. அதனால் அந்தப் பகுதியை முதலில் முடித்துவிட்டு வரைபடத்துக்கு வாருங்கள்.