அயனி இருந்தால் மேகம் வந்துவிடுமா? அடிக்கடி செய்யும் பிழைகள்

மின்னூட்டம் என்றதும் பலருக்கு மின்னல்தான் நினைவுக்கு வரும். அது இங்கே பேச்சே இல்லை. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் புதிதாகப் பிறக்க அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களும் மூலக்கூறுகளும், எவ்வளவு உதவும் என்பதுதான் பேச்சு. வானத்தில் எந்நேரமும் அயனிகளை உண்டாக்குபவை விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள். நிலத்தை ஒட்டிய காற்றில், மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானும் சேர்ந்துகொள்ளும்.

இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சனின் மேகக் கலத்தை அப்படியே வானத்துக்குப் பொருத்துவதுதான் பாடம் படித்தவர்களும் செய்யும் பிழை. தூசி நீக்கிய ஈரக் காற்றைச் சட்டென விரியவிட்டு, அயனிகள்மேல் நீர் திரளுவதைக் காட்டியவர் அவர்; 1927இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அந்தக் கலத்துக்குள் காற்று தாங்கும் உச்சமான தெவிட்டு அளவைப்போல எதிர்மின் அயனிக்குச் சுமார் 4 மடங்கும் நேர்மின் அயனிக்குச் சுமார் 6 மடங்கும் நீராவி தேவைப்பட்டது. உண்மையான மேகத்திலோ ஈரப்பதம் 100 சதவீதத்தைத் தாண்டினாலும் பெரும்பாலும் 1 சதவீதம்கூட மிஞ்சுவதில்லை. அங்கே நீர் படிவது ஏற்கெனவே மிதக்கும் துகள்கள்மேல். அந்தத் துகள் பிறக்கும் இடத்தில்தான் மின்னூட்டத்துக்கு வேலை. அதற்கான ஆவிகளும் வேறு: கந்தக அமிலம், அம்மோனியா, மரங்கள் விடும் கரிம ஆவிகள்.

“அயனி இருந்தால் துகள் பிறப்பு எத்தனை மடங்கு கூடும்?” என்று மொட்டையாகக் கேட்பதும் தவறு. நாலைந்து மூலக்கூறுகள் கூடிய திரள் நிலையற்றது. சேர்ந்த வேகத்திலேயே ஆவியாகிப் பிரியும். நடுவில் மின்னூட்டம் இருந்தால் முனைவுள்ள (ஒரு பக்கம் சற்று நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் கொண்ட) மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆக, திரள் எவ்வளவு தளர்வானதோ அவ்வளவுக்கு உதவி பெரிது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில், வானக் காற்றை ஒரு கலத்துக்குள் உருவாக்கிப் பார்க்கும் ‘கிளவுட்’ சோதனையில் கந்தக அமிலமும் அம்மோனியாவும் இருந்தபோது தரைமட்ட அயனியாக்கம் துகள் பிறக்கும் வேகத்தை 2 முதல் 10 மடங்குக்கு மேல்வரை கூட்டியது (2011). மர ஆவிகள் மட்டும் இருந்தபோது 10 முதல் 100 மடங்கு (2016). அம்மோனியாவின் கரிம உறவான அமீன் சேர்ந்தாலோ திரள் தானாகவே உறுதியாகிவிடும். அயனியின் பங்கு சொற்பம். இந்த உதவிக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. நொடிக்கு ஒரு கன செ.மீ.யில் சில அயனி ஜோடிகளே உருவாகும் இடத்தில் நூற்றுக்கணக்கான துகள்கள் பிறந்தால், அத்தனையையும் அயனிக் கணக்கில் எழுத முடியாது.

அளப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று: பிடிபட்ட துகள்களில் பெரும்பாலானவை மின்னூட்டமற்றவை, ஆகவே அயனிக்குப் பங்கில்லை என்று முடிவு கட்டுவது. மின்னூட்டத்தோடு பிறந்த துகள், வளரும் வழியில் எதிர் அயனியைச் சந்தித்தால் நடுநிலையாகிவிடும். பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் துகளின் அளவு 2 நானோமீட்டருக்கு அருகில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். சோதனைக் கலத்தில் மின்புலம் செலுத்தி அயனிகளைத் துடைத்துவிட்டு ஒப்பிடுவது இன்னும் உறுதியான வழி.

கடைசியாக, துகள் பிறந்தாலே மேகம் பெருகும் என்ற தாவல். மேகத்தில் நீர் படியும் துகளாக, அதாவது மேக வித்தாக, ஆவதற்கு அது ஏறத்தாழ 50 முதல் 100 நானோமீட்டர் வரை வளர வேண்டும்; பெரும்பாலானவை அதற்குள் பெரிய துகள்களில் மோதி ஒட்டிப்போகும். கிளவுட் அளவீடுகளை வைத்து 2016இல் செய்த உலகளாவிய கணக்கிலும், சுமார் 11 ஆண்டுச் சூரியச் சுழற்சியோடு காஸ்மிக் கதிர் ஏறி இறங்குவதால் மேக வித்துகளின் எண்ணிக்கை மிகக் குறைவாகவே மாறியது.