உப்பு டப்பாவைத் தூர வையுங்கள்: பெக்கோரினோ சீஸில் முதல் பாஸ்தா

ரோமில் குடியேறிய புதிதில், எங்கள் தெருமுனைச் சீஸ் கடைக்காரர் கத்தி நுனியில் ஒரு சில்லை எடுத்து நீட்டினார். வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்புக்கட்டி மாதிரி உதிர்ந்தது. வாயில் போட்டதும் முதலில் உப்பு. அடுத்து நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஒரு காரம். கடைசியாகச் செம்மறிப் பாலுக்கே உரிய அந்த வாடை. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதைப் போட்டுச் சமைத்தால் உப்பு டப்பாவைத் தொடாதே" என்றார். அவ்வளவுதான் பாடம். நான்தான் அதைக் கேட்காமல் மூன்று தடவை பாஸ்தாவைக் குப்பையில் கொட்டினேன்.

நீங்கள் கொட்ட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சீஸைத் தெரிந்துகொள்வோம்

இத்தாலிய மொழியில் பெக்கோரா என்றால் செம்மறி ஆடு. செம்மறிப் பாலில் செய்த எந்தச் சீஸும் பெக்கோரினோதான். டஸ்கனிக்கு ஒன்று, சார்டீனியாவுக்கு ஒன்று, சிசிலிக்கு ஒன்று என்று ஊருக்கு ஊர் உண்டு. அவற்றில் சில மென்மையாக, அப்படியே வெட்டித் தின்னும்படி இருக்கும். நாம் இன்று எடுத்துக்கொள்வது பெக்கோரினோ ரோமானோ. எல்லாவற்றிலும் உப்பு கூடியது, கெட்டியானது, துருவுவதற்கென்றே பிறந்தது.

பெயரில்தான் ரோம் இருக்கிறது. இன்று பெரும்பகுதி தயாராவது சார்டீனியாத் தீவில். முன்பு ரோமில் சீஸ் கடைக்காரர்கள் கடையிலேயே உப்பிட்டுப் பதப்படுத்துவார்கள். 1884இல் நகராட்சி அதற்குத் தடை போட்டதும், தயாரிப்பாளர்கள் பலர் ஆடுகள் மலிந்த சார்டீனியாவுக்கு இடம் மாறிவிட்டார்கள். சட்டப்படி ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலம், சார்டீனியா, டஸ்கனியின் க்ரோசெத்தோ மாவட்டம் ஆகிய மூன்று இடங்களில் செய்ததற்கு மட்டுமே இந்தப் பெயர் செல்லும். தின்பதற்கு என்றால் குறைந்தது 5 மாதம், துருவிப் போட என்றால் 8 மாதம் முதிர வைக்கிறார்கள். அத்தனை நாள் கெடாமல் நிற்கத்தான் அந்த உப்பு. ஊறுகாய் போடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சீஸில் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைப் போடுகிறார்கள். அந்தக் காரச் சுவையே பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே இது சைவம் இல்லை. பார்மேசானும் சைவம் இல்லை. அதில் கன்றுக்குட்டியின் உறைபொருள். தாவர உறைபொருளில் செய்த வேறு செம்மறிச் சீஸ்கள் கிடைக்கின்றன. அட்டையைப் படித்து வாங்கினால், கீழே சொல்லும் முறை அவற்றுக்கும் ஓரளவு பொருந்தும்.

வாங்கும்போது கட்டியாகவே வாங்குங்கள். துருவி அடைத்த பாக்கெட் வேண்டாம். ஒட்டாமல் இருக்க அதில் ஏதாவது பொடி கலந்திருக்கும், மணமும் போயிருக்கும். வெறுமனே 'ரோமானோ' என்று மட்டும் போட்டிருந்தால் உஷார்: அமெரிக்காவில் பசும்பாலில் செய்ததையும் அந்தப் பெயரில் விற்கலாம். அசலின் தோலில் பெக்கோரினோ ரோமானோ என்ற பெயர் புள்ளிப் புள்ளியாகப் பதிந்திருக்கும், கூடவே சாய்சதுரத்துக்குள் ஓர் ஆட்டுத்தலை. கறுப்புத் தோல் பூசிய வகையும் உண்டு. அந்தக் கறுப்பைச் சீவி எறிந்துவிடுங்கள்.

என்ன செய்யப் போகிறோம்

காச்சோ எ பெப்பே. காச்சோ என்றால் சீஸ், பெப்பே என்றால் மிளகு. சீஸ், மிளகு, பாஸ்தா, தண்ணீர். வேறெதுவும் கிடையாது. வெண்ணெய் கிடையாது, க்ரீம் கிடையாது, பூண்டு கிடையாது. பார்க்க எளிது. ஆனால் ரோமில் அரைகுறைச் சமையல்காரரை அம்பலப்படுத்துவதும் இதே பண்டம்தான்.

மிளகு என்றதும் நமக்கு ஒரு சின்னப் பெருமை வரலாம். முசிறித் துறைக்கு யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டு சொல்கிறது. ரோம் நகரின் நடுவிலேயே அந்த மிளகைச் சேர்த்து வைக்கக் கிடங்கு கட்டியிருந்தார்கள். ஆனால் இந்தப் பாஸ்தா அவ்வளவு பழசு இல்லை. யாராவது சீசர் சாப்பிட்டார் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு பேருக்கு:

- ஸ்பகெட்டி 200 கிராம் (ரோமில் தொன்னரெல்லி என்ற சதுர நூலையும் போடுவார்கள்)
- பெக்கோரினோ ரோமானோ 100 கிராம்
- முழு மிளகு ஒன்றரை டீஸ்பூன்
- தண்ணீர் ஒன்றரை லிட்டர்
- உப்பு தலை தட்டி ஒரு டீஸ்பூன், தண்ணீருக்கு மட்டும்
- சோள மாவு தலை தட்டி ஒரு டீஸ்பூன், பயந்தவர்களுக்கு மட்டும்

1. துருவுதல்

சீஸைச் சமைப்பதற்கு அரைமணி நேரம் முன்பே ஃபிரிஜிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். துருவியில் கேரட் துருவும் பக்கம் வேண்டாம். அதற்கடுத்த, முள் முள்ளாக இருக்கும் மிகச் சின்னக் கண் பக்கத்தில் துருவுங்கள். தேங்காய்ப்பூ மாதிரி விழுந்தால் தப்பு. கோலமாவு மாதிரி விழ வேண்டும். விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள், நூல் நூலாக எதுவும் தட்டுப்படக் கூடாது. பெரிய துருவல் கரையத் தாமதமாகும். அது கரைவதற்குள் சூடு அதைக் கட்டியாக்கிவிடும்.

2. மிளகு

வெறும் வாணலியில் சிறுதீயில் மணம் வரும்வரை வறுத்து, சின்ன உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். மிக்சியில் போட்டால் ரசப்பொடி ஆகிவிடும். அது இங்கே வேலைக்கு ஆகாது. பல்லில் கடிபட வேண்டும். கொஞ்சம் தனியே எடுத்து வையுங்கள், கடைசியில் தூவ.

3. தண்ணீர்

இத்தாலியர்கள் வழக்கமாக 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்று கணக்கு வைப்பார்கள். இங்கே இரண்டையும் குறைக்கிறோம். உப்பைக் குறைப்பது ஏன் என்று தெரியும். தண்ணீரைக் குறைப்பது எதற்கு? பாஸ்தா வேகும்போது அதன் மாவுச்சத்து தண்ணீரில் இறங்கும், சோறு வடித்த கஞ்சியைப் போல. தண்ணீர் குறைந்தால் கஞ்சி கெட்டிப்படும். அந்தக் கஞ்சிதான் நம் சாஸின் உயிர்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் உப்பைப் போட்டு, ஸ்பகெட்டியை உடைக்காமல் இறக்குங்கள். பாக்கெட்டில் 10 நிமிடம் என்றிருந்தால் 8 நிமிடத்தில் எடுக்கப் போகிறோம்.

4. சீஸ் விழுது

ஆறாவது நிமிடத்தில் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீரை எடுத்துத் தனியே ஆற விடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வர வேண்டும். அவசரம் என்றால் டம்ளரைப் பச்சைத் தண்ணீரில் நிறுத்துங்கள். நான் மூன்று தடவை கொட்டியதும் இந்த இடத்தில்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். கண் எதிரில் சீஸ் திரண்டு, ஒரு பக்கம் ரப்பர் உருண்டை, இன்னொரு பக்கம் கலங்கிய தண்ணீர். எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி.

காரணம் எளிது. சுமார் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சீஸில் உள்ள புரதம் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு திரள ஆரம்பிக்கும். மாவுச்சத்து நடுவில் புகுந்து அதைத் தடுக்கும். இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதையே உட்கார்ந்து ஆராய்ந்து 2025இல் கட்டுரை வெளியிட்டார்கள். சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் சாஸ் திரியாது, 1 சதவீதத்துக்குக் கீழே போனால் கட்டி தட்டும் என்று கண்டார்கள். கட்டி தட்டிய நிலைக்கு 'மொசரெல்லா நிலை' என்று பெயர் வேறு. அதே ஆண்டு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் அவர்களுக்குக் கிடைத்தது. என் மூன்று தோல்விக்கும் பெயர் கிடைத்ததில் எனக்கு ஒரு திருப்தி.

இனி வேலை. அகலமான கிண்ணத்தில் துருவிய சீஸைப் போட்டு, ஆறிய கஞ்சியை ஒவ்வொரு கரண்டியாக விட்டு, முட்கரண்டியால் அடித்துக் கலக்குங்கள். இட்லி மாவு பதம் வந்தால் நிறுத்துங்கள். தோசை மாவு அளவுக்கு நீர்த்துவிட்டால் இன்னும் கொஞ்சம் சீஸ் சேருங்கள்.

பயம் இருந்தால் சோள மாவுக்கு வாருங்கள். ஒரு டீஸ்பூன் மாவை நாலைந்து டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, சிறுதீயில் கூழாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டுச் சீஸோடு சேர்த்து அடியுங்கள். கஞ்சி அப்புறம் தேவையான அளவு. 100 கிராம் சீஸுக்கு இது அந்த இயற்பியலாளர்களின் கணக்குக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். ரோம் பாட்டிமார் பார்த்தால் திட்டுவார்கள். பார்க்கவா போகிறார்கள்?

5. சேர்த்தல்

இதற்கிடையில் அகலமான வாணலியில் இடித்த மிளகையும் ஒரு கரண்டி கொதிக்கும் கஞ்சியையும் விட்டு லேசாகக் கொதிக்க வையுங்கள். தண்ணீர் மிளகு நிறமாகும், அடுப்படி முழுக்க மணக்கும். எட்டாவது நிமிடம் ஸ்பகெட்டியை இடுக்கியால் தூக்கி நேராக இதில் போட்டு, இரண்டு நிமிடம் கிளறி, மீதி வேக்காட்டை இதிலேயே முடியுங்கள். வற்றினால் கஞ்சி விடுங்கள். அடியில் சற்றே தண்ணீர் நிற்கட்டும்.

அடுப்பை அணையுங்கள்.

அணைத்தால் போதாது, வாணலியை அந்த அடுப்பிலிருந்து இறக்கி வையுங்கள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சும்மா நில்லுங்கள். கை துறுதுறுக்கும். நில்லுங்கள். படபடவென்ற சத்தம் அடங்கி, ஆவி மெல்ல வரும்போது சீஸ் விழுதைச் சேர்த்து வேகமாகக் கிளறுங்கள், வாணலியையும் ஆட்டிக்கொண்டே. அரை நிமிடத்தில் சாஸ் வழுவழுவென்று ஒவ்வொரு நூலிலும் போர்த்திக்கொள்ளும். இறுகினால் ஒரு ஸ்பூன் கஞ்சி. நீர்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் கிளறுங்கள். ஆற ஆறத் தானே கெட்டிப்படும்.

அங்கங்கே சின்னக் கட்டி தெரிகிறதா? ஆறிய கஞ்சி இரண்டு ஸ்பூன் விட்டு ஆத்திரமில்லாமல் கிளறுங்கள், பல நேரம் சரியாகிவிடும். ஒரேயடியாக ரப்பராகிவிட்டால் மீட்க முடியாது. மிளகைத் தூவி, கட்டியோடு சாப்பிட்டுவிடுங்கள். ருசி கெட்டுப் போகாது, கண்ணுக்குத்தான் அழகில்லை.

இது காத்திருக்காத பண்டம். முதலில் ஆட்களைத் தட்டின் முன் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் பாஸ்தாவைத் தண்ணீரில் போடுங்கள். ஆறினால் சிமெண்டாகும், திரும்பச் சுட வைத்தால் திரியும்.

மீதிச் சீஸை என்ன செய்வது

வெண்ணெய்த் தாளில் சுற்றி, டப்பாவில் போட்டு ஃபிரிஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். இந்த ஒரு பாஸ்தா கைவந்தால் ரோமின் மற்ற மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. குவான்சாலே என்ற பன்றிக் கன்னத்து இறைச்சியை வதக்கிச் சேர்த்தால் க்ரிச்சா. அதில் தக்காளி சேர்ந்தால் அமத்ரிச்சானா. தக்காளிக்குப் பதில் முட்டை என்றால் கார்போனாரா. மூன்றிலும் இறைச்சியே உப்பாக இருக்கும், ஆகவே உப்புப் போடும் கை இன்னும் இறுக வேண்டும்.

சமைக்கவே சோம்பலாக இருந்தால் அவித்த உருளைக்கிழங்கின் மேலோ முட்டைப் பொரியலின் மேலோ ஒரு பிடி துருவிப் போடுங்கள். மே முதல் தேதி வந்தால் ரோமில் பச்சை அவரையினத்து ஃபாவாக் கொட்டையை உரித்துக்கொண்டே இந்தச் சீஸை ஒரு கடி, அதை ஒரு கடி என்று புல்தரையில் உட்கார்ந்து தின்பார்கள். எனக்கு அதைவிட, பேரிக்காய்த் துண்டின் மேல் ஒரு சில்லும் இரண்டு சொட்டுத் தேனும் பிடிக்கும். உப்பும் இனிப்பும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் வாணலியில் உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றி ஊற விடுங்கள். ஒட்டியதை எடுக்க வெந்நீர் நல்லது என்று தோன்றும், ஊற்றிவிடாதீர்கள். மிச்சம் இருக்கும் சீஸ் அங்கேயும் திரண்டு, பாத்திரம் தேய்க்கும் நாரில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.