பால்கனி சோலாருக்கு எந்த இன்வெர்ட்டர்? முதல்முறை வாங்குபவர்களுக்கு

எங்கள் வீடு வேளச்சேரியில், மூன்றாவது மாடி. மொட்டை மாடி எல்லாருக்கும் பொது என்பதால் அங்கே பேனல் வைக்க விடமாட்டார்கள். அதனால் தெற்குப் பக்க பால்கனிக் கம்பியில் 100 வாட் பேனல் ஒன்றைப் பொருத்தி, 12 வோல்ட் 40 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியோடு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் கரண்டை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்துக்குத்தான் இந்த ஏற்பாடு.

பேனல், பேட்டரி இரண்டையும் சரியாகத்தான் வாங்கினேன். பேட்டரியின் டிசியை வீட்டுக் கரண்டைப்போல 230 வோல்ட் ஏசியாக மாற்றும் பெட்டியான இன்வெர்ட்டரில் கோட்டை விட்டேன். "பின்னால உதவும்" என்று 1000 வாட் இன்வெர்ட்டரைத் தூக்கிக்கொண்டு வந்ததுதான் தப்பு. என்ன ஆனது என்பதைப் படி 4-இல் சொல்கிறேன்.

படி 1: என்னென்ன ஓடவேண்டும் என்று எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளும் பேனாவும் போதும். சாதனத்தின் அடியிலோ சார்ஜரின் மேலோ வாட் எழுதியிருக்கும். என் பட்டியல் இதுதான்: மேசை விசிறி 50 வாட், எல்இடி பல்பு 9 வாட், வைஃபை ரூட்டர் 10 வாட், லேப்டாப் சார்ஜர் 65 வாட். கூட்டினால் 134.

இப்போது பட்டியலில் பாதியை அடித்துவிட முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட் டிசியில் ஓடுபவை. பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 230 ஆக்க, அதை ரூட்டரின் அடாப்டர் மறுபடி 12 ஆக்க, நடுவில் வீணாவது நம்முடைய வெயில். 12 வோல்ட்டை நிலையாகத் தரும் சின்ன டிசி கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் போட்டால் ரூட்டருக்கு இன்வெர்ட்டரே வேண்டாம். செல்போனுக்குக் காரில் செருகும் யூஎஸ்பி சார்ஜர் போதும். 12 வோல்ட் டிசி பல்பும் விசிறியும்கூடக் கிடைக்கின்றன. இப்படிக் கழித்துப் பார்த்ததில் இன்வெர்ட்டர் தேவையே இல்லை என்று தெரிந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கெட்டில் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஃப்ரிட்ஜும் வேண்டாம். அதன் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

படி 2: பால்கனி எவ்வளவு தரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

100 வாட் பேனல் என்றால் எப்போதும் 100 வாட் வரும் என்று நினைப்பது எல்லாரும் செய்வதுதான், நானும் செய்தேன். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பால்கனிக்கு அருமையான வெயில். ஆனால் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும், கம்பியில் செங்குத்தாகத் தொங்கும் பேனலுக்கோ நேர் வெயில் எட்டாது. மேல்மாடி பால்கனியின் நிழல் வேறு. என் பேனல் நல்ல நாளில் 250 வாட் ஹவர் (100 வாட் ஒரு மணி நேரம் வந்தால் 100 வாட் ஹவர்) கொடுத்தால், மே மாதத்தில் அதில் பாதிகூட வராது.

இது தெரிந்தால் பெரிய இன்வெர்ட்டர் மேல் ஆசை தானாகக் குறையும்.

படி 3: எந்த வகை?

யூடியூபில் ஜெர்மனிக்காரர்கள் பால்கனி பேனலை மைக்ரோ இன்வெர்ட்டரில் (பேட்டரி இல்லாமல் பேனலோடு நேராகச் சேரும் சின்ன இன்வெர்ட்டர்) இணைத்து, அதை அப்படியே சுவர் பிளக்கில் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 2024 முதல் 800 வாட் இன்வெர்ட்டர் வரை அப்படிச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. நம் ஊரில் மின்வாரியத்தில் விண்ணப்பித்து, இருவழி மீட்டர் போட்ட பிறகுதான் கிரிட்டில், அதாவது மின்வாரிய லைனில், இணைக்கலாம். அனுமதி இல்லாமல் செருகினால், வெளியே போகும் கரண்டையும் நீங்கள் செலவழித்ததாகவே எண்ணி பில்லை ஏற்றும் மீட்டர்களும் உண்டு. இன்னொன்று, கரண்ட் போனால் அந்த வகை இன்வெர்ட்டரும் உடனே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கரண்ட் போகும் நேரத்துக்காகத்தான் வாங்குகிறோம் என்றால் நமக்கு அதனால் பயனில்லை.

வீட்டில் ஏற்கெனவே யூபிஎஸ் இருக்கிறதா? அப்படியானால் புது இன்வெர்ட்டர் வேண்டாம். ஆனால் பேனல் கரண்டை பேட்டரிக்கு அளவோடு ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலரை மட்டும் வாங்கி அந்த பேட்டரியில் மாட்டினால் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. யூபிஎஸ் எந்நேரமும் மெயின் கரண்டிலிருந்து பேட்டரியை நிரப்பியே வைத்திருக்கும், சோலாருக்கு வேலையே இருக்காது. வெயில் இருக்கும்போது மெயினைத் துண்டித்து சோலாரை முன்னால் விடும் சோலார் மேனேஜ்மென்ட் யூனிட் என்று ஒன்று விற்கிறது, அதைக் கேளுங்கள்.

கிரிட் இணைப்பும் வேண்டாம், யூபிஎஸும் இல்லை என்றால் நமக்குத் தேவை, பேட்டரியில் நேரடியாக மாட்டும் சாதாரண 12 வோல்ட் இன்வெர்ட்டர். பேனலிலிருந்து நேராக இன்வெர்ட்டருக்குக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. 12 வோல்ட் பேனல் என்பது பெயருக்குத்தான். லோடு இல்லாதபோது அது 21, 22 வோல்ட் காட்டும். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலரும் பேட்டரியும் இருந்தாக வேண்டும்.

படி 4: எத்தனை வாட்?

பட்டியலின் கூட்டுத்தொகையைப்போல இரண்டு மடங்கு. 134-க்கு 300 வாட் தாராளம். அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் ஒரு நொடி தாங்கும் உச்ச அளவு. 'தொடர்ச்சியாக எவ்வளவு' என்று கேட்டு வாங்குங்கள். யூபிஎஸ் கடைகளில் விஏ (வோல்ட் ஆம்பியர்) கணக்கில் சொல்வார்கள், வாட் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இனி என் 1000 வாட் கதை. ஒரு தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இன்வெர்ட்டர் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன். அதில் எதுவும் செருகியிருக்கவில்லை. மூன்று நாள் விடாத மழை, பேனலில் ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தால் கீச் கீச்சென்று ஒரு சத்தம். எலி என்று நினைத்து என் மனைவி துடைப்பத்தை எடுத்துவிட்டார். பார்த்தால் இன்வெர்ட்டரின் அலாரம். பேட்டரி முழுக்க வற்றிக் கிடந்தது.

பிறகு அளந்து பார்த்தேன். லோடே இல்லாமல், வெறும் ஃபேன் சுற்றுவதற்கும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கும் 1.1 ஆம்பியர். 40 ஆம்பியர் ஹவர் பேட்டரியை 36 மணி நேரத்தில் குடித்துவிடும் அளவு. ஒரு நாளைக்கு 300 வாட் ஹவருக்கு மேல். என் பேனல் நல்ல நாளில் தருவதைவிட அதிகம்! இப்போது இருக்கும் 300 வாட் இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது 0.35 ஆம்பியர்தான் எடுக்கிறது.

ஆக, கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நோ லோடு கரண்ட் (எதுவும் செருகாதபோது எடுப்பது) எவ்வளவு?" கடைக்காரர் முழித்தால் கையேட்டில் பாருங்கள். அளப்பதாக இருந்தால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசியை மட்டும்தான் காட்டும். மல்டிமீட்டரைத் தொடரில் வைத்தால், இன்வெர்ட்டரை இணைத்ததும் பாயும் கரண்டில் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடலாம்.

படி 5: அலை வடிவம்

வீட்டுக் கரண்ட் வழவழப்பான அலையாக வரும். அதே மாதிரி தருவது ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர், படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டித் தருவது மாடிஃபைடு சைன் வேவ். கடைக்குக் கையோடு ஒரு மேசை விசிறியை எடுத்துப் போங்கள். வெட்கப்படாதீர்கள். மாடிஃபைடு சைன் வேவ் இன்வெர்ட்டரில் விசிறியைப் போட்டால் அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோல 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். அரை மணி நேரம் கழித்து மோட்டாரைத் தொட்டால் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும். ப்யூர் சைன் வேவில் வீட்டுக் கரண்டில் ஓடுவதுபோல அமைதியாக ஓடும். இரவில் விசிறி போட்டுத் தூங்க வேண்டியவர்கள் கூடுதல் காசு கொடுத்து ப்யூர் சைன் வேவே வாங்குங்கள். பல்பும் லேப்டாப் சார்ஜரும் மட்டும் என்றால் மாடிஃபைடு போதும். பெட்டியில் 'சைன் வேவ்' என்று பெரிதாகவும் 'மாடிஃபைடு' என்று பொடி எழுத்திலும் போட்டிருப்பார்கள், கவனம்.

மாடிஃபைடு வகையின் வெளியீட்டை விலை குறைந்த மல்டிமீட்டரில் அளந்தால் 180 சொச்சம் காட்டலாம். இன்வெர்ட்டரில் கோளாறு என்று சண்டைக்குப் போகாதீர்கள். எந்த வடிவ அலையையும் சரியாக அளக்கும் 'ட்ரூ ஆர்எம்எஸ்' வசதி இல்லாத மீட்டருக்கு அந்த அலையைச் சரியாகப் படிக்கத் தெரியாது.

படி 6: எந்த வோல்ட்டில் நிற்கும்?

பல மலிவு இன்வெர்ட்டர்கள் பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கிய பிறகுதான் தாமாக நிற்கும். லெட் ஆசிட் பேட்டரிக்கு அது முழுப் பட்டினி, நாலைந்து தடவை அப்படி ஆனாலே ஆயுள் குறையும். நிற்கும் வோல்ட்டை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள மாடல் கிடைத்தால் நல்லது. என்னுடையதில் இல்லை. ஒரு சின்ன வோல்ட்மீட்டரை ஒட்டிவைத்து, விசிறி ஓடும்போது 11.8-க்கு வந்தால் நானே அணைத்துவிடுகிறேன்.

படி 7: மாட்டுவது

வரிசை முக்கியம். முதலில் பேட்டரியை சார்ஜ் கன்ட்ரோலரில் இணையுங்கள். அப்புறம் பேனல். கடைசியாக, சுவிட்சை அணைத்த நிலையில் இன்வெர்ட்டர், அதுவும் நேராக பேட்டரி முனையில். கன்ட்ரோலரில் லோடு என்று எழுதியிருக்கும் முனை 10, 20 ஆம்பியருக்கு மேல் தாங்காது. சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டிவிட்டால் உள்ளே கரண்டை மாற்றிவிடும் மாஸ்ஃபெட் என்ற பாகங்கள் காலி. கடைசி வயரைத் தொடும்போது சின்னதாக ஒரு பொறி தெறிக்கும், அது சகஜம்.

பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 40 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று கட்டாயம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் ஸ்பேனரையே பழுக்கவைக்கும். மறுபக்கம் வருவதோ 230 வோல்ட், அது வீட்டுக் கரண்ட் அளவுக்கே ஆபத்தானது. அதை ஒருபோதும் சுவர் பிளக்கில் திருப்பிச் செருகாதீர்கள். தனி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதும். இன்வெர்ட்டரைச் சாரல் படாத இடத்தில், காற்று புழங்கும்படி வையுங்கள்.

300 வாட் முழு லோடில் பேட்டரியிலிருந்து 29 ஆம்பியர் வரை வரும். அதற்கு 10 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், முடிந்த அளவு நீளம் குறைவாக. நான் முதலில் வீட்டில் கிடந்த 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் ஒன்றரை மீட்டர் போட்டிருந்தேன். லோடு ஏறினால் பேட்டரி முனையில் 12 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 11.4. பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே அலாரம் அடித்தது. நீங்களும் எல்லாவற்றையும் மாட்டி முடித்து, முழு லோடையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரால் இந்த இரண்டு இடத்தையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் வயரை மாற்றுங்கள், அல்லது லக்கை (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) இன்னொரு முறை இறுக்குங்கள்.