தாவரங்களின் வாயுப் பரிமாற்றம்: ஞாயிறு பள்ளிக்கு ஒரு செய்முறை

இப்பாடத்தை வசனத்தில் அல்லாமல் ஒரு கண்ணாடிக் குவளையில் தொடங்குவதே நல்லது. கர்த்தருடைய கிரியைகள் ஞானமாய்ப் படைக்கப்பட்டவை என்னும் சங்கீதம் 104:24, அக்கிரியைகளில் ஒன்றை உற்றுப் பார்த்த குழந்தைக்கு எளிதில் விளங்கும்.

படி 1: குவளையில் தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை சமையல் சோடாவைக் கரையுங்கள். செடிக்குத் தேவையான கார்பன் டை ஆக்சைடு இதிலிருந்து கிடைக்கும்.

படி 2: வேலம்பாசித் (ஹைட்ரில்லா) தண்டு ஒன்றை வெட்டி, வெட்டுமுனை மேலே இருக்குமாறு முழுவதும் மூழ்கவைத்து, எல்.இ.டி. விளக்கின் அருகே வையுங்கள். சற்று நேரத்தில் வெட்டுமுனையிலிருந்து குமிழிகள் வரிசையாக எழும். அவற்றில் ஆக்சிஜன் மிகுந்திருக்கும். பறித்த இலையைத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைக்கும் எளிய முறையை நான் பரிந்துரைப்பதில்லை. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருந்த காற்றே குமிழியாக வெளிவந்து குழந்தைகளைக் குழப்பிவிடும்.

படி 3: ஒரு நிமிடத்தில் எழும் குமிழிகளைக் குழந்தைகளே எண்ணட்டும். பிறகு விளக்கைத் தள்ளிவைத்தும், இறுதியில் அணைத்துக் குவளையைக் கறுப்புத் துணியால் மூடியும், சிறிது நேரம் விட்டு மீண்டும் எண்ணச் செய்யுங்கள். சபைப் போதகராகவும் இருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாத் தண்டு சீராக்குவதை 1771இல் கண்டார். அதற்கு ஒளி வேண்டும் என்பதை யான் இங்கன்ஹௌஸ் 1779இல் நிறுவினார்.

படி 4: நிலத்தாவர இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, உலர்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்து நுண்ணோக்கியில் பாருங்கள். இலைத்துளைகளின் அச்சு தெரியும். இருபுறமும் உள்ள காப்பு செல்கள் நீரேறிப் புடைத்தால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடும். நீரில் மூழ்கி வாழும் வேலம்பாசிக்கு இத்துளைகள் இல்லை. அதன் மேற்பரப்பே வாயுக்களைக் கடத்திவிடுகிறது.

படி 5: இப்போது ஆதியாகமம் 1:29, 30 வசனங்களை வாசியுங்கள். மரங்கள் நமக்கு ஆக்சிஜன் தரவே படைக்கப்பட்டன என்று சொல்லிவிடுவது வழக்கம். அவ்வசனங்களோ பயிர்பச்சைகளை ஆகாரமாகக் கொடுத்ததைப் பற்றியே பேசுகின்றன. அறிவியலும் இங்கே ஒத்துப்போகிறது: காற்றில் ஏறத்தாழ 0.04 விழுக்காடே உள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து செடி சர்க்கரையை உருவாக்குகிறது. அப்போது நீர் மூலக்கூறு பிளக்கப்படுவதால் ஆக்சிஜன் வெளியேறுகிறது.

படி 6: "அப்படியானால் இரவில் மட்டும்தான் செடி சுவாசிக்குமா?" என்று குழந்தைகள் கேட்பார்கள். பகலிலும் இரவிலும் அது சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை மிகுந்திருப்பதால் சுவாசம் வெளியே தெரிவதில்லை. படுக்கையறையில் ஒரு தொட்டிச் செடி இரவில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு, அங்கே உறங்கும் ஒருவர் வெளிவிடுவதைவிட மிகக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.