வீட்டில் குடியிருந்துகொண்டே மராமத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மராமத்து முடியும்வரை வேறு வீடு பார்த்துப் போனால் இரட்டைச் செலவு. அதனால் பெரும்பாலானோர் அதே வீட்டில் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்கிறார்கள். அது தப்பான முடிவு அல்ல. "எப்படியாவது சமாளித்துவிடலாம்" என்று எந்த ஏற்பாடும் செய்யாமல் ஆட்களை உள்ளே விடுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வேலை நடக்கும் பகுதி எது, குடியிருக்கும் பகுதி எது என்று முதல் சுத்தியல் அடி விழுவதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும்.

பழைய பெட்ஷீட்டைத் தொங்கவிட்டுத் தூசியைத் தடுக்கப் பார்ப்பது

கண்ணுக்குத் தெரியும் தூசியைத் துடைத்துவிடலாம். டைல்ஸ், கிரானைட், கான்கிரீட் ஆகியவற்றை கிரைண்டரில் உலர்வாக அறுக்கும்போது கிளம்பும் நுண்ணிய சிலிக்கா தூசி (கல்லிலும் மணலிலும் இருக்கும் கனிமத்தின் தூள்) அப்படியல்ல. நுரையீரலின் ஆழம்வரை போகும். ஆட்கள் கிளம்பிப் போனபிறகும் வெகுநேரம் காற்றில் மிதக்கும். "சத்தம் நின்றுவிட்டது, வேலை முடிந்தது" என்று கதவைத் திறந்துவிட்டால் அது வீடு முழுக்கப் பரவும்.

துணி இதைத் தடுக்காது. கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை வாசல் நிலையின் நான்கு ஓரத்திலும் டேப் போட்டு ஒட்ட வேண்டும். வேலை நடக்கும் அறையின் ஜன்னலில் ஒரு விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் அந்த அறையில் காற்றழுத்தம் சற்றுக் குறையும். தூசி குடியிருக்கும் பக்கம் வராமல் வெளியே போகும். அறுப்பு வேலையை முடிந்தவரை வெட்டவெளியில், தண்ணீர் விட்டுச் செய்யச் சொல்லுங்கள். அந்தப் பகுதி ஏசியை அணைத்து மூடி வையுங்கள். மாலையில் துடைப்பத்தால் கூட்டுவது அடங்கிய தூசியை மறுபடி கிளப்பிவிடும், ஈரத்துணிதான் சரி. அந்த அறைக்குள் போக வேண்டியிருந்தால் என்-95 மாஸ்க்காவது வேண்டும், கைக்குட்டை போதாது.

பழைய வீடு என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்பு வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் கலப்பது சாதாரணம். அமெரிக்காவிலேயே 1978-இல்தான் அதற்குத் தடை வந்தது. அந்தப் பெயின்ட்டை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூசி தரையில் படியும். தவழும் குழந்தை அதில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும். ஈயத்தில் "இவ்வளவுவரை பரவாயில்லை" என்று சொல்லும்படியான அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சந்தேகம் இருந்தால் தேய்ப்பதற்கு முன் பரிசோதித்துவிடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் நீங்களாக உடைக்கவே வேண்டாம்.

இரண்டு கழிப்பறையையும் ஒரே நேரத்தில் உடைப்பது

"ஆட்கள் வந்திருக்கும்போதே முடித்துவிடலாம்" என்று மேஸ்திரி சொல்வார். அவர் மாலையில் தன் வீட்டுக்குப் போய்விடுவார். ஒன்று முழுதாக முடிந்து, தண்ணீர் ஒழுங்காக வடிகிறதா என்று பார்த்தபிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இருப்பதே ஒன்றுதான் என்றால், அந்த நாட்களுக்கு மாற்று இடம் உறுதியாகும்வரை கடப்பாரையை எடுக்க விடாதீர்கள்.

புதுக் குளியலறையை அவசரப்பட்டுப் புழங்குவதும் இதன் தொடர்ச்சியே. வாட்டர்ப்ரூஃபிங் செய்தபின் குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கசிவு பார்க்க வேண்டும். டைல்ஸ் ஒட்டியபிறகும் பசை இறுக அவகாசம் தேவை. வீட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சுருக்கினால், பிறகு அதே தரையை மறுபடி பெயர்க்க வேண்டிவரும்.

கூடவே நின்று வாயால் திட்டத்தை மாற்றுவது

வீட்டிலேயே இருப்பவர்களுக்கு மட்டும் வரும் நோய் இது. நாள் முழுக்க வேலை கண்முன் நடப்பதால் புதுப்புது யோசனைகள் வரும். கொத்தனாரிடம் கணவர் ஒன்று சொல்வார், மனைவி வேறொன்று சொல்வார், பெரியவர் வந்து "இந்த அலமாரியையும் அப்படியே எடுத்துவிடேன்" என்பார். கடைசியில் பில் வரும்போது யார் எதைச் சொன்னது என்று யாருக்கும் நினைவிருக்காது. வீட்டிலிருந்து ஒருவர் மட்டும், மேஸ்திரி ஒருவரிடம் மட்டும், தினமும் குறித்த ஒரு நேரத்தில் பேசுவது நல்லது. எந்த மாற்றமானாலும் அதன் கூடுதல் செலவோடு எழுதி, இருவரும் ஒப்புக்கொண்டபிறகே நடக்கட்டும். இதில் கறாராக இருப்பதால் உறவு கெடாது, இல்லாவிட்டால்தான் கெடும்.

மாலையில் ஒரு சுற்றுப் பார்க்காமல் படுக்கப் போவது

பகலில் அது வேலைத்தளம். இரவில் நீங்கள் தூங்கும் இடம். திறந்து கிடக்கும் வயர்கள், நடைவழியில் ஆணி, மூடாத தின்னர் டின் ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். வேலை முடியும்வரை சமைக்க வைத்திருக்கும் தற்காலிக அடுப்புக்கு அருகில் தின்னரை வைக்கவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் கலந்த பாலிஷில் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குவித்தால், காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும். தூசிக்காகப் புகை உணர்கருவியை மூடியிருந்தால் மறக்காமல் திறந்துவிடுங்கள். தண்ணீர் மெயின் வால்வும் மின்சார மெயினும் எங்கே இருக்கின்றன என்பது வீட்டிலுள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லா நாளும் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைப்பது

சுவர் இடிக்கும் நாள், பழைய பெயின்ட்டைச் சுரண்டும் நாள், தரையைத் தேய்க்கும் நாள், வார்னிஷ் அடிக்கும் நாள் ஆகிய இவற்றில் யாரும் உள்ளே இருக்கத் தேவையில்லை. இந்தத் தேதிகளை மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த நாட்களுக்கு மட்டும் தங்க வேறு இடம் பாருங்கள். பெயின்ட் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றிரவே அங்கே படுக்கை போட வேண்டாம். ஜன்னல்களைத் திறந்துவைத்து, வாடை முழுக்கப் போனபிறகு போடலாம்.